முதியோர் குடியிருப்பில் என்ன நிகழ்ச்சி வைத்தாலும் அதே பதினைந்து பேர்தான் வருகிறார்கள்

டீச்சர், தொண்டாமுத்தூர் ரோடு:

எல்லோருக்கும் வணக்கமுங்க. நானும் வீட்டுக்காரரும் ஒரு முதியோர் குடியிருப்புக்குக் குடிவந்து மூன்று வருசம் முடிந்துவிட்டது. முதியோர் இல்லம் என்று நினைத்துவிடாதீர்கள், சொந்தமாக வாங்கிய வீடு, பொதுச் சமையல், நர்ஸ், வேன் எல்லாம் இருக்கிற மாதிரி இடம், கோயமுத்தூரைச் சுற்றி இப்போது எந்த ரோட்டில் போனாலும் ஒன்று இருக்கிறது. எங்களுடையதில் 94 வீடு, 140 பேருக்குக் கொஞ்சம் குறைவு. சித்திரையிலிருந்து நிகழ்ச்சிக் கமிட்டி என் பொறுப்பு. பள்ளிக்கூடத்தில் 31 வருசம் ஆண்டு விழா நடத்தியவளுக்கு இது பெரிய வேலையாக இருக்காது என்றுதான் ஒத்துக்கொண்டேன்.

இரண்டு மாசமாக யோகா, பாட்டுக் கச்சேரி, தம்போலா, ஞாயிற்றுக்கிழமை சினிமா, கண் டாக்டரை வரவழைத்து ஒரு பேச்சு என்று வாரம் தவறாமல் ஏதாவது வைத்துக்கொண்டே இருக்கிறேன். வருகிறவர்கள் அதே பதினைந்து பேர், மிஞ்சினால் பதினெட்டு. அதில் பாதிக்கு மேல் மெட்ராஸிலிருந்து வந்தவர்கள், அப்புறம் பாலக்காட்டுக் குடும்பங்கள் இரண்டு. நம்ம பக்கத்து ஆட்கள், அதாவது பல்லடம், காங்கயம், தாராபுரம் என்று தோட்டங்காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, பிள்ளைகள் அமெரிக்காவிலும் பெங்களூரிலும் இருப்பதால் இங்கே வந்து சேர்ந்தவர்கள், ஹால் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை.

எனக்கு மனசில் உறுத்திக்கொண்டே இருப்பவர் எங்கள் வரிசையில் கடைசி வீட்டு அய்யா. காங்கயம் பக்கத்துக்காரர், வயசு 79. சம்சாரம் போன பங்குனியில் தவறிவிட்டார்கள். காலையில் காப்பி குடித்ததும் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்து கேட்டைப் பார்த்த மாதிரி வாசலில் போட்டு உட்கார்ந்துவிடுவார். மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் எழுந்து போவார், வந்ததும் நாற்காலியை நிழல் போன பக்கம் தள்ளிப் போட்டுக்கொள்வார். தினமும் தள்ளித் தள்ளி அந்த சிமெண்டுத் தரையில் நாற்காலிக் கால் உரசிய வெள்ளைக் கோடு நாலு விழுந்திருக்கிறது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் நானே நேரில் போய்க் கூப்பிடுகிறேன். "நமக்கெதுக்குங்க அம்மிணி அதெல்லாம், நீங்க நடத்துங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார், அவ்வளவுதான்.

வராதவர்களை விட்டுவிடுங்கள் என்கிறார்கள் கமிட்டியில். என்னால் விட முடியவில்லை. உங்கள் இடங்களில், இல்லை உங்கள் அப்பா அம்மா இருக்கிற இடங்களில், எது நிஜமாகவே நடந்தது, எதற்கு ஆட்கள் வந்தார்கள் என்று எழுதுங்கள்.

துடியலூர்க்காரன்:

டீச்சர், நீங்கள் எழுதிய பட்டியலை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். யோகாவை விட்டால் பாக்கி எல்லாமே உட்கார்ந்து பார்ப்பது. நம்ம பக்கத்து ஆட்கள் ஆயுசு முழுக்க ஒறம்பரை (விருந்தாளி) வந்தால் இலை போட்டு, பரிமாறி, போகும்போது பையில் தேங்காயோ காயோ கட்டிக் கொடுத்தே பழகியவர்கள். அவர்களைக் கொண்டுவந்து 365 நாளும் ஒறம்பரையாகவே உட்கார வைத்துவிடுகிறோம். சமைக்க வேண்டாம், கூட்ட வேண்டாம், தண்ணி பாய்ச்ச வேண்டாம், வாங்க வந்து பாட்டு கேளுங்க என்றால் ஒருநாள் வருவார்கள், இரண்டு நாள் வருவார்கள், மூன்றாம் நாள் கூச்சமாகிவிடும்.

நான் மில்லில் மெயின்டனன்ஸில் இருந்து ரிட்டயர் ஆனவன், விவசாயம் தெரியாது. எங்கள் குடியிருப்பில் கழிவுநீரைச் சுத்தம் செய்கிற பிளான்டுக்குப் பின்னால் ஆறு சென்ட் இடம் சும்மா கிடந்தது. தோட்டக் குழு என்று நோட்டீஸ் ஒட்டினோம், இரண்டே பேர் பெயர் கொடுத்தார்கள். அப்புறம் ஒருநாள் எங்கள் தளத்தில் இருந்த அன்னூர்க்காரப் பெரியவரிடம், "ஏனுங்க, இந்த எலுமிச்சை நாலு வருசமாச்சு, பூவே எடுக்க மாட்டேங்குது, என்னன்னு பாருங்களேன்" என்று மட்டும் கேட்டேன். வந்தார். மரத்தைப் பார்க்கவே இல்லை, நேராகத் தோட்டக்காரப் பையனிடம் போய், "தூர்லயே தண்ணி கட்டுனா வேர் அழுகாம என்ன கண்ணு பண்ணும்" என்று கேட்டார். மறுநாள் வெள்ளென மம்முட்டியோடு நிற்கிறார். அவர் நிற்பதைப் பார்த்து இன்னும் மூன்று பேர்.

முட்டி மடங்காதவர்களுக்காக ஹாலோ பிளாக் மூன்று வரிசை கட்டி அதற்குள் மண் நிரப்பினோம், இரண்டடி உயரம் வந்துவிடும், பிளாக் ஓரத்தில் உட்கார்ந்தே களை எடுக்கலாம். பாத்தி அகலம் நாலடிக்கு மேல் போகவே கூடாது, போனால் நடுவில் கை எட்டாமல் குனிந்து விழுந்துவிடுவார்கள். சொட்டுநீர் போட்டுவிட்டோம், ஆனாலும் பூவாளி நாலு வாங்கி வைத்தோம், கையால் தண்ணி ஊற்றினால்தான் அவர்களுக்குத் திருப்தி. விளைந்த காயைப் பங்கு போடுவதில் முதல் வருசம் பெரிய மனஸ்தாபம் வந்தது, பேசிக்கொள்ளாமல்கூட இருந்தார்கள். இப்போது பறித்தது எல்லாம் சமையலறைக்கு, சாப்பாட்டு ஹால் பலகையில் "இன்றைக்குக் கத்தரிக்காய் 12-ஆம் நம்பர் வீட்டுப் பாத்தி" என்று எழுதிவிடுகிறோம். அந்த ஒரு வரிக்காக ஆட்கள் மருந்து நேரத்தைக்கூட மாற்றிக்கொண்டு வருகிறார்கள்.

இன்னொன்று, சனிக்கிழமை காலையில் வேனை உழவர் சந்தைக்கு விடுங்கள். உங்களுக்கு வடவள்ளி பக்கம்தான். 1999-இல் அந்தச் சந்தைகள் ஆரம்பித்த காலத்தில் கூடை கொண்டுபோய் உட்கார்ந்து விற்றவர்களே இன்றைக்கு உங்கள் குடியிருப்பில் இருப்பார்கள். விலைப் பலகையைப் பார்த்துவிட்டு வெண்டைக்காய் இவ்வளவா என்று பேச ஆரம்பித்தால் திரும்பி வரும்வரை பேச்சு ஓயாது.

கோபி மகள்:

டீச்சரம்மா, நான் எங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். அப்பா 2019-இல் போனார். அதற்கப்புறம் அம்மாவை கோபியில் தனியாக விட மனசு கேட்காமல் கோவையில் ஒரு குடியிருப்பில் சேர்த்தோம். வந்த வருசம் ஆடி வெள்ளிக்கு விளக்குப் பூஜை, நோட்டீஸில் "சுமங்கலிகள் அனைவரும் வருக" என்று போட்டிருந்தார்கள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, வழக்கமாக அச்சடிப்பதைத்தான் அச்சடித்தார்கள். அம்மா அதை லிப்ட் பக்கத்தில் நின்று எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு மேலே போனவர், ஒன்றரை வருசத்துக்குக் கீழே சாப்பாட்டுக்குக்கூட வரவில்லை, டிபன் கேரியர்தான். என்னிடம் கால் வலி என்றார். நானும் கால் வலி என்றே நம்பி ஆர்த்தோ டாக்டரிடம் கூட்டிக்கொண்டு அலைந்தேன்.

உங்கள் 140 பேரில் எத்தனை அம்மாக்கள் தனியாக இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள், நிறையப் பேர் இருப்பார்கள். குத்துவிளக்கு ஏற்ற யாரைக் கூப்பிடுகிறீர்கள், வாசலில் குங்குமச் சிமிழோடு யாரை நிறுத்துகிறீர்கள் என்பதை அவர்கள் ஒவ்வொருவரும் கவனிப்பார்கள், வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். போன வருசம் புதுக் கமிட்டி வந்து, இருப்பதிலேயே வயசான அம்மாவை, அவர்களும் வெள்ளைச் சேலைதான், விளக்கேற்றச் சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மா கை நடுங்கி நாலு தீக்குச்சி வீணாகி ஐந்தாவதில் ஏற்றினார்களாம். எங்கள் அம்மா இதை எனக்கு போனில் மூன்று தடவை சொன்னார்.

அங்கேதான் வள்ளி கும்மியும் ஆரம்பித்தார்கள். 2024-இல் நம்ம கோவை மாவட்டத்து வள்ளி கும்மி ஆசிரியர் பத்திரப்பன் அய்யாவுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்களே, பெண்களுக்கும் இந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தவர் என்றே பாராட்டினார்கள், அதைப் பேப்பரில் பார்த்துவிட்டு ஒரு அம்மா கேட்டதில் ஆரம்பமானது. நிற்க முடிந்தவர்கள் வட்டத்தில், முடியாதவர்கள் கைப்பிடி நாற்காலியில் உட்கார்ந்து கும்மி தட்டுவது. எங்கள் அம்மாவிடம் "ஆட வாங்க" என்று யாரும் கேட்கவில்லை. "பூப்பறிக்கிற நோம்பிக்கு உங்க ஊர்ல என்ன பாடுவீங்க, எங்களுக்கு நடுவில் வரி மறந்து போச்சு" என்று கேட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு மனப்பாடமாக நாற்பது பாட்டுக்கு மேல் வரும் என்பது அம்பது வயசில் எனக்கே அப்போதுதான் தெரிந்தது. மெட்ராஸ் அம்மா ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார். கால் வலியைப் பற்றி இப்போது பேச்சே இல்லைங்க.

பிசியோ:

நான் கோவையில் மூன்று குடியிருப்புகளுக்குப் போய்வருகிற பிசியோதெரபிஸ்ட். பெரியவர்கள் சொன்னதெல்லாம் சரி, கூடவே சில விஷயங்கள், வெளியே யாரும் சொல்லிக்கொள்ளாதவை.

காலையில் நிகழ்ச்சி வைக்காதீர்கள். பிரஷருக்கோ இதயத்துக்கோ நீர் பிரிகிற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர், காலையில்தான் போடுவார்கள், அடுத்த சில மணி நேரம் பாத்ரூமைவிட்டு ரொம்பத் தள்ளிப் போக முடியாது. "எனக்கு இதிலெல்லாம் இஷ்டமில்லை" என்று சொல்கிறவர்களில் எத்தனையோ பேருக்கு உண்மைக் காரணம் இதுதான். பொழுதோட நாலரைக்கு, டீயோடு சேர்த்து வையுங்கள். ஏழு மணிக்கு மேல் இருட்டில் நடக்க பயம், கண்புரை ஆபரேஷன் ஆனவர்களுக்கும் பயம் போவதில்லை.

உங்கள் ஹாலில் டைல்ஸ் போட்டு, மேலே வெறும் கான்கிரீட்தானே? மைக்கில் பேசினால் எதிரொலி வரும். காது மிஷின் வைத்திருப்பவர்களுக்கு அது வேதனை, மிஷின் பேச்சையும் எதிரொலியையும் நாற்காலி இழுக்கிற சத்தத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். ஜன்னலுக்குத் தடிமனான திரை போட்டு, தரையில் ஜமுக்காளம் விரித்தாலே பாதி அடங்கும். ஜமுக்காளத்தின் ஓரம் தடுக்கி யாரும் விழாத மாதிரி சுவரோரமாக விரியுங்கள். வரிசையாக நாற்காலி போடாமல் அரைவட்டமாகப் போட்டால் பேசுகிறவரின் வாய் தெரியும், காது மந்தமானவர்கள் வாயைப் பார்த்தே பாதி புரிந்துகொள்கிறார்கள்.

உடற்பயிற்சிக்கு ஆள் சேர்க்க முடியவில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. மத்தியானச் சாப்பாடு 12 மணி என்றால் 11.40-க்கே வந்து உட்கார்ந்துவிடுவார்கள், எல்லா இடத்திலும் இப்படித்தான். நான் அந்த இருபது நிமிசத்தைப் பிடித்துக்கொண்டேன். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, ஒற்றைக்காலில் பத்து எண்ணுவது, கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்திருப்பது, அவ்வளவுதான். 65 வயசுக்கு மேல் வாரத்தில் மூன்று நாளாவது உடம்பைச் சமநிலையில் நிறுத்துகிற பயிற்சியும் தசைக்கு வலுவூட்டுகிற பயிற்சியும் செய்யவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே இருக்கிறது, காரணம் விழுவது. இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர்களை நான் தினமும் பார்க்கிறேன், தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள்.

மாசம் ஒரு தடவை பேரூர் கோயிலுக்குக் கூட்டிப் போங்கள், சமதளம், நடக்கச் சிரமமில்லை. வேனில் ஏறுகிற படி உயரமாக இருந்தால் ஒரு மரப்பலகைப் படி செய்து உள்ளேயே போட்டு வையுங்கள், படிக்குப் பயந்தே பாதிப்பேர் வேண்டாம் என்பார்கள்.

பொள்ளாச்சி அக்கா:

ஒரே விஷயம், சந்தகை, அதாவது பிழிந்தெடுக்கிற அரிசிச் சேவை. மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையல்காரர்களுக்குக் காலையில் லீவு கொடுத்துவிட்டு சந்தகை போடுங்கள். தனியாளாகச் செய்ய முடியாத பலகாரம் அது. முதல்நாளே அரிசி ஊறப்போட்டு ஆட்டணும், வெந்ததைச் சுடச்சுட எடுத்துப் போட ஒருத்தர், அழுத்திப் பிழிய ஒருத்தர், கீழே தட்டைச் சுற்றிப் பிடிக்க ஒருத்தர், ஆறிவிட்டால் பிழியவே வராது, அதனால் எல்லோரும் ஓடி ஓடி வேலை செய்தாகணும். ஒரு பக்கம் தேங்காய்ப் பால், வெல்லம், இன்னொரு பக்கம் எலுமிச்சை தாளித்தது. எங்கள் மாமியார் இருக்கிற இடத்தில் பழைய மரச் சந்தகை உரல் ஒன்றை ஊரிலிருந்து கொண்டுவந்தார்கள், அதை அழுத்த ஆம்பளைகள் வரிசையில் நிற்கிறார்கள். பாலக்காட்டுக்காரர்களும் அவர்கள் பக்கத்து இடியாப்பத்தோடு ஒப்பிட்டுப் பேச வந்துவிடுவார்கள் பாருங்கள்.

மூன்றாம் மாடிக்காரர்:

எல்லோரும் எப்படி வரவைப்பது என்றே எழுதுகிறீர்கள். நான் வராதவன், அதனால் அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். 76 வயசு, பேங்க்கில் இருந்தேன். சம்சாரம் போன முதல் வருசம் எங்கள் குடியிருப்பில் நல்ல மனசோடுதான் எல்லோரும் கதவைத் தட்டினார்கள், கேரம் ஆட வாங்க, பர்த்டே கேக் வெட்டுகிறோம் வாங்க என்று. ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு சாக்கு கண்டுபிடித்துச் சொல்வதே எனக்குப் பெரிய பாரமாக இருந்தது.

டீச்சரம்மா, உங்கள் அய்யாவின் சம்சாரம் போனது பங்குனியில் என்கிறீர்கள். வருசமே திரும்பவில்லை. நம்ம பக்கம் வருசம் திரும்புகிறவரை நோம்பி நொடி எதுவும் கொண்டாட மாட்டார்கள், விசேஷத்தில் தலைகாட்ட மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா? பாட்டுக் கச்சேரிக்கு அவர் எப்படி வருவார். அவர் வாசலில் உட்கார்ந்திருப்பதே பெரிய விஷயம், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இல்லையே.

எனக்கு எது உதவியது என்று சொல்கிறேன். எதிர்வீட்டுக்காரர் காலையில் பேப்பரைப் படித்துவிட்டு என்னிடம் கொண்டுவந்து கொடுப்பார், வாசலிலேயே இரண்டு நிமிசம் நிற்பார், மழை வருமா வராதா என்று ஏதாவது ஒரு வார்த்தை, போய்விடுவார். உள்ளே வாங்க என்று நான் சொல்ல ஆறு மாசம் ஆனது. அதற்கப்புறம் ஒரு நவம்பரில் அவரே, "பென்ஷன்காரங்க எல்லாம் வாழ்நாள் சான்றுக்குத் திண்டாடறாங்க, நீங்க பேங்க்காரர்தானே, கொஞ்சம் பாருங்க" என்றார். 2014-லிருந்தே அதை டிஜிட்டலாகக் கொடுக்கலாம், இப்போது போனில் முகத்தைக் காட்டினாலே ஆதாரோடு சரிபார்த்துவிடுகிறது, 80 தாண்டிய மத்திய அரசு பென்ஷன்காரர்கள் அக்டோபர் 1-லிருந்தே கொடுக்கலாம். ஆனால் தனியாக உட்கார்ந்து செய்யச் சொன்னால் வெளிச்சம் பத்தவில்லை, கண் சிமிட்டவில்லை என்று திருப்பித் திருப்பித் தள்ளிவிடும். லைப்ரரி ஜன்னலோரம் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்தேன், அந்த மாசம் 37 பேருக்கு முடித்தேன். இன்றைக்கும் நான் கேரம் ஆடப் போவதில்லை. ஆனால் அக்டோபர் வந்தால் என்னைத் தேடிக்கொண்டு வருவார்கள், ஜன்னலைத் துடைத்து வைத்துவிடுவேன்.

பிசியோ:

மூன்றாம் மாடி அய்யா சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்: தனியாக இருக்க விரும்புவது வேறு, சாப்பாடு குறைந்து, சட்டை தொளதொளவென்று ஆகி, இரவெல்லாம் தூங்காமல் இருப்பது வேறு. இரண்டாவதாக இருந்தால் காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை பேசலாம்.

டீச்சர், தொண்டாமுத்தூர் ரோடு:

எழுத நாளாகிவிட்டது, மன்னிக்கணும். எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து கமிட்டியில் வாசித்தேன். மூன்றாம் மாடி அண்ணா எழுதியதைப் படித்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. வருசம் திரும்பாத வீட்டுக்குப் போய் வாரா வாரம் கச்சேரிக்குக் கூப்பிட்டிருக்கிறேன், அந்த மனுசர் ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை.

அடுத்த வாரம் நிகழ்ச்சியைப் பற்றிப் பேசவே இல்லை. ஆனி கடைசியில் அவர் வாசலைத் தாண்டிப் போகும்போது, "ஏனுங்கய்யா, காம்பவுண்டு ஓரம் அவரை போடலாம்னு இருக்கோம், அந்த மண்ணு ஆகுங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு நின்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் எழுந்து வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் காலோடு மண்ணில் நின்று, குனிந்து ஒரு பிடி எடுத்துக் கசக்கிப் பார்த்தார், சிமெண்டுக் கலவையும் ஜல்லியும் கையில் ஒட்டியது. "கட்டடம் கட்டுன மண்ணுங்க அம்மிணி, இதுல ஒண்ணும் வராது. ஒரு முழம் தோண்டி எடுத்துட்டு வண்டல் போடோணும்" என்றார். மேனேஜரிடம் நானே சண்டை போட்டு ஒரு டிராக்டர் லோடு மண் வாங்கினேன்.

விதை அவரே வரவழைத்தார். குத்தகைக்காரருக்கு போன் போட்டு, சாம்பலில் புரட்டி வைத்திருந்த விதையை மஞ்சள் பையில் கட்டி பஸ்ஸில் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறார். அவர் ஊருக்கு போன் போட்டே மாசக்கணக்கில் ஆகிறது என்று அமெரிக்காவிலிருந்து மகன் எனக்கு மெசேஜ் அனுப்பினார். ஆடி 18 அன்று போட்டோம், குழிக்கு மூன்று விதை, பன்னிரண்டு குழி. அன்றைக்குப் பேரப்பிள்ளைகள் சில பேர் வந்திருந்தார்கள், வேப்ப மரத்தில் தூரி (ஊஞ்சல்) கட்டினோம், அதற்கு அவர் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. ஆறாம் நாள் முளை வந்துவிட்டது. காலையில் நாற்காலியை இப்போது கேட்டைப் பார்த்துப் போடுவதில்லை, காம்பவுண்டுப் பக்கம் திருப்பிப் போடுகிறார்.

நேற்று என்னிடம் வந்து, கொடி ஏறி கொழுந்து விட்டால் அசுவினிப் பூச்சி வரும், தூவுவதற்குச் சாம்பல் வேண்டும், இப்போதே சேர்த்து வைக்கணும் என்றார். சமையலறையில் எல்லாம் கேஸ், சாம்பலுக்கு எங்கே போவது என்று நான் முழித்தேன். அவர் யோசித்துவிட்டுச் சரி என்று போனார். இன்றைக்குச் சாயங்காலம் பார்த்தால் கேட்டுக்கு வெளியே கரிப்பெட்டியோடு இஸ்திரி போடுகிறவரின் வண்டி பக்கத்தில் நிற்கிறார், கையில் ஒரு பழைய பால் பவுடர் டப்பா. பக்கத்தில் பாலக்காட்டு மாமா இன்னொரு டப்பாவோடு.